பின் சீட்டுத் தலைவலி

காரின் பழைய சைலன்சர் துருப்பிடித்து ஒரு நாள் நடு ரோட்டில் கழன்று விழுந்தபோது, பின் சீட்டில் இருந்த நாத்தனார், "அடியே, உன் வண்டி முட்டை போட்டிருக்கு, போய் எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

தீப்பொறி இறங்கிப் போய் எடுத்து வந்தாள். தீப்பொறி என்பது நாத்தனார் வைத்த பெயர். ஏசி காற்றுக்குழாய் செய்யும் பட்டறையில் வெல்டிங் வேலை அவளுக்கு. பொறி பட்டு ஓட்டை விழாத துணி அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் கொடியில் துணி காயப்போட்ட நாத்தனார் அந்த ஓட்டைகளைப் பார்த்துச் சூட்டிய பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்றான் கணவன். அவளுக்கு மனசில்லை. "நாள் முழுக்க யார் யாருக்கோ குழாய் செய்யறேன். என் வண்டிக்கு ஒண்ணு செஞ்சுக்க மாட்டேனா?"

பட்டறையில் மிஞ்சிய ஸ்டெயின்லெஸ் பைப்பையும் இரவல் வெல்டிங் மெஷினையும் வீட்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். காரை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, அடியில் மல்லாந்து படுத்து அளவெடுத்தாள். பைப்பைச் சாய்வாகத் துண்டு துண்டாக அறுத்து, திருப்பித் திருப்பி ஒட்டி வளைவுகளைச் செய்தாள். எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை ஒரே ஓட்டமாகப் போன அந்தக் குழாயின் ஒட்டுகள் நெல்மணி கோத்ததுபோல வரிசையாக இருந்தன. ஒரு இடத்தைத் தவிர. பின் சீட்டுக்கு நேர் கீழே, குழாயின் மேல்பக்கத்தில் கை நுழையவில்லை. குழாயைக் கழற்றி வெளியே வைத்து ஒட்டினால் சரியாக வரும். ஆனால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். தடவியபடியே ஒட்டி, மிச்ச இடைவெளியில் சைலன்சர் பேஸ்ட்டை அப்பினாள். சூட்டில் உருகிவிடக் கூடாதே என்று காரின் தரையில் அங்கே இருந்த ஓட்டையிலிருந்து கழற்றியிருந்த ரப்பர் மூடியைத் திரும்ப மாட்டவும் மறந்துபோனாள்.

வண்டியைக் கிளப்பியதும் கனமான, கரகரப்பான சத்தம் ஒன்று எழுந்தது. கணவன் கைதட்டினான். நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டு, "ஜலதோஷம் பிடிச்ச புலி மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் சிரித்தாள்.

தினமும் காலையில் நாத்தனாரைச் சாய ஆலையில் இறக்கிவிட்டுத்தான் தீப்பொறி பட்டறைக்குப் போவாள்; சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். ஆலையில் நாத்தனாருக்கு நிறம் பார்க்கும் வேலை. சாயம் போட்டு வரும் துணியை மாதிரித் துண்டோடு வைத்துப் பார்த்து, சரி, தப்பு என்று சொல்ல வேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கெஜம்கூட வெளியே போகாது என்று ஆலை முதலாளியே சொல்வார். காரில் அவள் முன் சீட்டில் உட்காரமாட்டாள். "முன்னாடி உக்காந்தா நானும் சேர்ந்து பிரேக் போடறேன், கால் வலிக்குது" என்பாள். தூசிக்குப் பயந்து பின்கண்ணாடிகளை ஏற்றிக்கொள்வாள். தீப்பொறி மட்டும் தன் குழாயின் சத்தத்தைக் கேட்பதற்காகவே தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி வைத்திருப்பாள்.

சில வாரங்களில் நாத்தனாருக்குத் தலைவலி வந்தது. மூக்குக்கண்ணாடி மாற்றினாள். காபியை விட்டாள். தலையணையை மாற்றினாள். காலையில் ஆலை வாசலில் இறங்கும்போதே முகம் வெளிறிப்போயிருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குமட்டுகிறது என்று படுத்துவிடுவாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வலிக்கறதே இல்ல பாரு," என்றாள் தம்பியிடம். "அந்தச் சாய வாடைதான். இத்தனை வருஷம் பழகிட்டு இப்ப எனக்கு ஒத்துக்கல."

வேலைக்குப் போகச் சலித்துக்கொள்கிறாள் என்றுதான் தீப்பொறி நினைத்தாள். ஒரு நாள் பொறுக்காமல், "எங்க பட்டறைப் புகையை ஒரு நாள் மோந்து பாருங்க அண்ணி, அப்புறம் தெரியும்" என்றும் சொன்னாள்.

பிறகு அவள் சரி என்று சொல்லி அனுப்பிய பச்சைத் துணி மொத்தமும் நிறம் தப்பிப்போய்த் திரும்பி வந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பட்டறைக்கு மட்டும் விடுமுறை; நாத்தனார் பஸ்ஸில் ஆலைக்குப் போயிருந்தாள். தீப்பொறி காரைக் கழுவினாள். பின் சீட்டைத் தூக்கித் தரை விரிப்பை உரித்தபோது, மூடியில்லாத ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாகப் புகைக்கரி படிந்திருப்பதைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். விரல் கறுத்தது. அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏன் வலிக்கவில்லை என்பதும், இறங்கும்போது முகம் ஏன் வெளிறியது என்பதும். தினம் காலையும் மாலையும் அந்த மனுஷியைப் புகைக்கூண்டில் அல்லவா உட்காரவைத்து ஓட்டியிருக்கிறாள்!

அண்ணி வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றாள். பஸ்ஸில் வந்து இறங்கிய நாத்தனார் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வேலை வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள். "கண்ணு தப்பா பார்க்க ஆரம்பிச்ச பிறகு அங்க எனக்கு என்ன மரியாதை?"

தீப்பொறி கரி படிந்த விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் குழாயைக் கழற்றி அந்த ஒட்டை முழுசாகப் போட்டாள். மூடியை மாட்டினாள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாத்தனாரின் தலைவலி போயே போய்விட்டது. "பாத்தியா? வேலையை விட்டதும் விட்டுடுச்சு!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். தீப்பொறி அவளுக்குத் தட்டு வைப்பதும் துணி மடிப்பதும், வாய் திறக்குமுன் தண்ணீர் கொண்டுவருவதுமாக இருந்தாள்.

"என்னடி, என்னை விழுந்து விழுந்து கவனிக்கற? எதையாவது உடைச்சிட்டியா?"

"இல்ல அண்ணி" என்றாள்.

வரவர நாத்தனாருக்குப் பொழுது போகவில்லை. அலமாரியிலிருந்த துணிகளை வெளுப்பிலிருந்து அடர்வு வரை அடுக்கினாள். கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினாள். தம்பியின் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இந்த நீலத்துல சிவப்பு ஒரு துளி கூடிப்போச்சு" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். அறையில் வேறு யாருமில்லை. கதவுக்கு வெளியே நின்ற தீப்பொறி உள்ளே போகாமல் திரும்பிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் நாத்தனார் போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் அவளுக்கு அடுத்த நிலையில் வேலை பார்த்த பெண்.

"உனக்கும் தலை வலிக்குதா? அப்ப யோசிக்காதே. அது விஷம்டி. என்னைப் பாரு, விட்டேன், பிழைச்சேன். நாளைக்கே சொல்லிடு."

காய் நறுக்கிக்கொண்டிருந்த தீப்பொறி கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "அண்ணி, அவங்களை விட வேண்டாம்னு சொல்லுங்க. சாயத்தால இல்ல. உங்களுக்கு வலிச்சது என் குழாயால. ஒட்டு சரியா விழல. புகை உங்க சீட்டுக்குக் கீழே ஏறியிருக்கு."

நாத்தனார் அவளையே பார்த்தாள். பிறகு போனில், "நீ இப்போதைக்கு எதுவும் சொல்லிடாதே. டாக்டர்கிட்ட போய்க் காட்டு. அப்புறம் பேசறேன்" என்று வைத்தாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க வேலையை விட்டுட்டு வந்த அன்னைக்கு."

"அன்னைக்கேவா?"

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

நாத்தனார் மெதுவாக உட்கார்ந்தாள். "குழாய் தெரியாம நடந்தது. அதை விடு. அன்னைக்கு ராத்திரி சொல்லியிருந்தா, காலையில போய், கோவத்துல சொல்லிட்டேன்னு வேலையைத் திரும்பக் கேட்டிருப்பேனே. என் நாற்காலி காலியா இருந்திருக்குமே." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "என் கண்ணே போச்சுன்னு நினைச்சேன்டி."

கணவனுக்கு அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. அவன் அவளைத் திட்டவில்லை. அக்காவின் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் தீப்பொறி தானாகவே ஆலைக்குப் போனாள். தப்பு அண்ணியின் கண்ணில் இல்லை, தன் வேலையில் என்று முதலாளியிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நம்பவும் செய்தார். ஆனால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாகிவிட்டது என்றார். வேண்டுமானால் பெட்டி கட்டும் பகுதிக்கு வரட்டும் என்றார். அதை வீட்டில் வந்து சொன்னபோது நாத்தனார் கொதித்துப்போனாள்.

"உன்னை யாரு போகச் சொன்னா? எனக்காகப் பிச்சை கேட்டியா?"

தீப்பொறி குழாயைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுக் கடையில் விற்கும் சாதா சைலன்சரை மாட்டினாள். நாத்தனார் அதன் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை. வீட்டில் பேச்சும் தேவைக்குத்தான். 'உப்பு', 'கதவு', 'போன் அடிக்குது' என்று ஒற்றை வார்த்தைகளாக.

பல வாரம் கழித்து, ஊரின் மறுகோடியில் இருந்த சின்னச் சாயப் பட்டறை ஒன்றில் நாத்தனாருக்கு வேலை கிடைத்தது. பழைய மரியாதையோ பதவியோ இல்லை. அவளைவிட வயதில் சின்னவனுக்குக் கீழே. இரண்டு பஸ் மாற வேண்டும். கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"முதல் பஸ் விட்டா அடுத்தது கிடைக்காது. நான் அசந்து தூங்கிடுவேன். கொஞ்சம் எழுப்பி விடு."

"சரி அண்ணி" என்றாள் தீப்பொறி. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அதற்குள் நாத்தனார் உள்ளே போய்விட்டாள்.