ரேடியேட்டருக்கு இரண்டு விசிறி

மனைவி இறந்து ஏழு மாதமாகிறது. அவள் செடித் தொட்டிகள் ஏற்றிப்போன பிக்கப் வண்டி என்னிடம் இருக்கிறது. மகள் பள்ளிக்கு அதில்தான் போவாள். வேறு எதிலும் ஏறமாட்டாள். பள்ளிக்கு முன்னால் வண்டிகள் ஊர்ந்து நகரும் வரிசையில் அது மூன்று முறை கொதித்துவிட்டது. மூன்றாவது முறை, பரீட்சை தொடங்கி அரை மணி கழித்துத்தான் அவளை உள்ளே விட்டேன்.

அன்று மாலை மாமனார் வந்தார். பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். டி.சி. கேட்கும் விண்ணப்பத்தை நிரப்பியே கொண்டுவந்திருந்தார். என் கையெழுத்து மட்டும் பாக்கி.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. பாப்பா எங்ககூட இருந்து படிக்கட்டும்."

"ஃபேன் மாத்தினா சரியாயிடும் மாமா."

"யாருக்கு?"

"வண்டிக்கு."

விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "திங்கக்கிழமை நானும் கூட வரேன். கொதிச்சா கையெழுத்துப் போட்டுடுங்க."

பழைய விசிறி இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. வண்டி ஊர்ந்தால் அதுவும் சோம்பிவிடும். மின்விசிறி அப்படியில்லை. உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். பதினாறு அங்குலத்தில் ஒன்று நன்றாக இழுக்கும். ஆனால் கனம் பத்து சென்டிமீட்டர். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருப்பது எட்டு. பன்னிரண்டு அங்குலத்தில் இரண்டு என்றால் கனம் ஆறுதான். இரண்டும் சேர்ந்து இருபத்தைந்து ஆம்பியர் கேட்கும். வண்டி தாங்கும்.

மெக்கானிக் அட்டவணையை வாங்கிப் பார்த்தார்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டீங்க சார்."

"இல்ல. அவதான் விசாரிச்சா."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு அங்குல விசிறிகள் இரண்டை எடுத்து வைத்தார். "மாட்டினதும் முன்னாடி ஒரு தாள வெச்சுப் பாருங்க. ஒட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். இரண்டும் சுற்றின. சுற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகு தாள் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வரிசையில் சூடு காட்டும் முள் ஏறியது. மாமனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அம்மான்னா ஹீட்டரைப் போடுவா," என்றாள் மகள்.

போட்டேன். இன்ஜினின் சூடெல்லாம் எங்கள் முகத்தில் அடித்தது. முள் நின்றது, இறங்கவில்லை. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். விசிறிகள் ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. அப்போதுதான் தாள் ஞாபகம் வந்தது.

"மாமா, ஒரு பேப்பர் குடுங்க."

அவரிடம் இருந்தது ஒன்றுதான், அந்த விண்ணப்பம். வாங்கி வண்டியின் முன்பக்க வலையில் வைத்தேன். பறந்துபோய்ச் சாலையில் விழுந்தது. மாமனார் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டார்.

ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். விசிறிகள் காற்றை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

வண்டியை அணைத்து, ஒயர்களை மாற்றி, மறுபடி கிளப்பினேன். இம்முறை மாமனாரே தாளை வைத்தார். கையை எடுத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சம் இழுத்துக்கூடப் பார்த்தார்.

"தாத்தா, முள்ளு இறங்குது! பெல் அடிக்கப் போகுது, வாங்க!"

அவர் தாளை உரித்தெடுத்தார். இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், என்னிடம் நீட்டினார்.

"கையெல்லாம் கிரீஸ். இதோட ஸ்டியரிங்கப் பிடிக்காதீங்க."

துடைத்தேன்.