இடது கை

செவ்வாய்க்கிழமை. சவரம் செய்தவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்ததும் துர்காதேவி கணவரின் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடங்களாகச் செவ்வாய்க்கிழமை என்றால் இந்த முகம்தான். செவ்வாய், வியாழன், சனி. டயாலிசிஸ் நாட்கள். மற்ற நாட்களில் தணிகைவேல் முள்தாடியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களா, பெண் பார்க்கப் போகிறீர்களா என்று ஒருமுறை கேட்டாள். அவர் சிரித்தார். அவள் மறுபடி கேட்கவில்லை.

திருப்பதியில் டயாலிசிஸ் அறைக்குள் கூட வந்தவர்களை விடமாட்டார்கள். இட்லி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பாள். கதவு திறந்து மூடும்போது அவர் குரல் கேட்கும். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர், உள்ளே தெலுங்கில் கதை சொல்லிக்கொண்டிருப்பார். தமிழும் தெரிந்த நர்ஸ் யாமினி சிரிப்பாள். ஊசி அவள்தான் போட வேண்டும். எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று துர்காதேவி கேட்டால் எரிந்துவிழுவார். யாமினி கேட்டால் டம்ளர் கணக்குச் சொல்வார். சொந்த ஊரான நகரி வந்து இறங்கும்வரை ரயிலில் யாமினி பேச்சுதான். யாமினி திட்டினாள், யாமினியின் பிள்ளைக்குக் காய்ச்சல்.

நேற்றிரவு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, கூடத்தில் கிடத்தினார்கள். தெருவில் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுடிதாரில் இருந்ததால் இறங்கிய யாமினியை உடனே அடையாளம் தெரியவில்லை.

"யாருடி இவளுக்குச் சொன்னது?" மகளின் காதில் கேட்டாள்.

"நான்தாம்மா. இன்னிக்கு வரமாட்டாருன்னு சொல்லணும் இல்ல?" என்றாள் பிரித்திகா. "போன்லயே அழுதுட்டாங்க."

"அவ எதுக்கு அழுவுறா?"

பிரித்திகா எழுந்து உள்ளே போனாள்.

சொந்தமா என்று பக்கத்து வீட்டு சுந்தரம்மா கேட்டாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் என்று துர்காதேவி சொன்னாள். யாமினிக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.

யாமினி உடலருகே உட்கார்ந்தாள். அழவில்லை. அவள் கை தானாகப் போய் அவருடைய இடது முன்கையில் படிந்தது. விரல்களை விரித்து, தலையைச் சற்றுச் சாய்த்து, எதையோ கேட்பதுபோல் இருந்தாள். பிறகு சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

பெண்கள் பார்த்தார்கள். துர்காதேவியும் பார்த்தாள்.

ஊசி போடுவதற்காக அந்தக் கையில் ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்திருந்தார்கள். அதில் பாரம் தூக்கக் கூடாது, அதன்மேல் படுக்கக் கூடாது. யாரும் தொடவும் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். முதலில் அவருக்கு வலப்பக்கம் படுத்தாள். தூக்கத்தில் புரண்டு கை பட்டுவிடுமோ என்று பிறகு தனிப் பாய். கயிறுபோல் புடைத்திருந்த அந்த இடத்தை வெளிச்சத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

அருகே போய்க் குனிந்தாள்.

"என்னா பாத்தே?"

"பழக்கம்க்கா." யாமினி எழுந்து நின்றாள். "ஊசி போடறதுக்கு மின்ன ரத்தம் ஓடுதான்னு கை வெச்சுப் பாப்போம். நீங்க தெனம் காலைல வூட்ல பாக்கறதுதான்."

"நானா?"

"ஆமாங்க்கா. வூட்ல யாராவது தொட்டுப் பாக்கணும்னு நான்தான் சொல்லியிருந்தேன். எந்திரிச்சதும் எங்க வூட்டுக்காரிக்கு அதான் மொதல் வேலைன்னு அண்ணா சொல்லுவாரு. ஒரு நாள்கூட நீங்க உட்டதில்லியாமே."

சுந்தரம்மா தலையாட்டினாள். இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள். வெளியே மூங்கிலை வெட்டும் சத்தம் கேட்டது.

அவள் உட்கார்ந்தாள். யாமினியின் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். தோல் சில்லென்றிருந்தது. வேறொன்றுமில்லை. கையை எடுக்காமலே நிமிர்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி யாமினியிடம் கேட்டாள்.

"ரத்தம் ஓடச்சே எப்டி இருக்கும்?"