ஏழாம் பாட்டு, இரண்டாம் அடி

கோவில் கோஷ்டியில் எல்லோரும் சேர்ந்து பாசுரம் சேவிக்கும்போது ஒருத்தருக்குப் பாட்டின் அடி தவறினால், பக்கத்தில் இருப்பவர்கள் குரலை உயர்த்தி அந்த இடத்தை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். பாட்டு நிற்காது. தவறியவர் யார் என்று வெளியில் வந்தும் மூச்சுவிடமாட்டார்கள். நாற்பது வருஷமாக இதை நான் பெரிய மரியாதை என்று நினைத்திருந்தேன். இப்போது என்னைக் கேட்காதீர்கள், வாயில் வேறு ஏதாவது வந்துவிடும்.

என் அகத்துக்காரர் கண்ணபிரானுக்கு எழுபத்திரண்டு வயது. திருப்பதியில் கோஷ்டிக்கு முன்வரிசை. ஏழுக்குள் இருக்கவேண்டிய யூரிக் ஆசிட் ரத்தத்தில் ஒன்பதரை. கால் கட்டைவிரல் வீங்கினால் மாத்திரை போட்டுக்கொள்வார், வலி அடங்கினால் டப்பா பீரோவுக்குள் போய்விடும். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது. ஒரு கால்விரலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா சத்யபாமா என்பார்.

அன்று காலை ஐந்து மணிக்கு நன்றாகத்தான் கிளம்பினார். ஏழரைக்கு, கூடச் சேவிக்கிற வரத் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். நான் வேறு என்ன நினைப்பேன், பழைய கால் வலி என்றுதான் நினைத்தேன். மாத்திரையை விட்டால் இப்படித்தான் என்று பொரிந்து தள்ளினேன். அவர் பதில் சொல்லாமல் போய்ப் படுத்தார், கோபம் போல என்று விட்டுவிட்டேன். ஒன்பது மணிக்குக் காபியோடு போனால், வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கூப்பிட்டால் விழிக்கிறார், பேச்சு வரவில்லை. வரத்துக்குப் போன் போட்டேன், ஆட்டோவோடு ஓடிவந்தான்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து முடிக்க மணி பத்தாகிவிட்டது. டாக்டர் பிரமிளா புத்தூர்ப் பக்கத்துப் பெண். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றாள்.

"கரைக்கிற ஊசி இருக்குதும்மா. ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டினா மூளையில ரத்தம் கசிஞ்சுடலாம். கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

ஐந்து மணி என்றேன். அப்படியானால் ஒன்பதரையோடு நேரம் முடிந்துவிட்டது என்றாள். அப்போதுதான் வரத்தின் முகம் கண்ணில் பட்டது. எதையோ சொல்ல வந்து மென்று விழுங்கிக்கொண்டிருந்தான்.

என்ன தெரியும் உனக்கு என்று கேட்டேன். ஸ்வாமிக்கு, இவரைத்தான் அப்படிச் சொல்வான், பாட்டில் அடி தவறியதைச் சொல்வது அபசாரம் என்று முனகினான். எனக்கு வந்ததே கோபம்.

"அபசாரத்தை நான் பார்த்துக்கறேன். எப்போன்னு சொல்லுடா."

"மூணாம் பத்து, ஏழாம் பாட்டு, ரெண்டாம் அடி, மாமி. அதுவரைக்கும் அவர் குரல்தான் எங்களை இழுத்துண்டு போச்சு. அங்கே குழறித்து. நாங்க எடுத்துண்டோம்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. வரத் விளக்கினான். ஆறு மணிக்கு மணி அடித்ததும் தொடங்குவார்கள். பத்து என்றுதான் பெயர், ஒரு பத்தில் பாட்டு பதினொன்று. முதல் இரண்டு பத்துக்கு இருபத்திரண்டு, மூன்றாம் பத்தில் ஏழாம் பாட்டுக்கு முன்னால் ஆறு. பாட்டுக்கு ஒரு நிமிஷம். ஆகவே ஆறு இருபத்தெட்டு. அத்தனை சரியாக இருக்குமா என்று அவள் இழுத்தாள். வரத் கைகூப்பிக் கண்ணை மூடி, அங்கேயே அந்த ஏழாம் பாட்டைச் சேவித்தான். நர்ஸ்கள் நின்றுவிட்டார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அறுபது செகண்டு. அப்ப பத்து அம்பத்தெட்டு வரைக்கும் நேரம் இருக்குது" என்றாள். சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள். தினமும் காதில் விழுகிற பாட்டுக்குள் காலத்தை இப்படி அளந்து வைத்திருந்தது எனக்குத் தெரியாமலே போயிற்று.

பத்தேகாலுக்கு ஊசி ஏறியது. சாயங்காலம் வலது கைவிரல்கள் அசைந்தன. அந்தச் சின்ன அசைவை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிரமிளா பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாள்.

"யூரிக் ஆசிட் கால்லயே நின்னுக்கினு இருக்காதும்மா. வயசானவங்களுக்கு அது ஏறி இருந்தா ஸ்ட்ரோக் ரிஸ்க்கும் கூடுதலா இருக்குதுன்னு ஆராய்ச்சிங்க சொல்லுது. அதாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இவருக்கு பிபியும் இருக்குது."

கட்டைவிரலில் ஓடுவதும் தலையில் ஓடுவதும் ஒரே ரத்தம். இது குழந்தைக்கும் தெரியும். எனக்கு அறுபத்தெட்டு வயதில்தான் உறைத்தது.

மூன்றாம் நாள் வரத் பிரசாதத்தோடு வந்தான். இனிமேல் யாருக்காவது நாக்குக் குழறினால் மூடி மறைக்காதே, அந்த இடத்திலேயே கோஷ்டியை நிறுத்து என்றேன். அவன் திகைத்துப்போனான். பாசுரத்தைப் பாதியில் நிறுத்துகிற வழக்கமே கிடையாது, பெரியவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்றான்.

கட்டிலில் அசைவு தெரிந்தது. கால் வீங்கி நெருப்பாக எரிந்த நாளிலும் ஒரு பாட்டை விட்டு எழுந்திருக்காத மனுஷர் அவர். ஊசி போட்டதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு கோணக்கோண முயன்றார். நெற்றி வேர்த்தது.

"நி... றுத்த... ணும்" என்றார்.

வரத் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினான். நான் வாய்விட்டு அழுதேன்.