சும்மா தின்கிற கிருமி

மனித குலத்தின் எல்லாச் சண்டைக்கும் தீர்வு பாக்டீரியாவிடம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்ட முதல் தோட்டத்துப் பிள்ளை தானே என்பதில் குகனேஸ்வரனுக்குத் துளியும் சந்தேகமில்லை. பாங்கிப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறான். ஆய்வேட்டை எழுதி முடிக்க ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருந்தான். ஆய்வேடு அப்படியே கிடந்தது. தீர்வு மட்டும் தயாராக இருந்தது.

அவர்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, தண்ணீர் மலை ஓடையிலிருந்து பைப்பில் வருகிறது. பைப்பின் வாயில் ஒரு சல்லடை. மழை பெய்தால் இலையும் சேறும் வந்து அதை அடைத்துக்கொள்ளும். ஞாயிறுதோறும் முறை வைத்து ஏதாவது ஒரு வீட்டிலிருந்து ஒருவர் சறுக்கும் பாதையில் ஏறிச் சுத்தம் செய்வது வழக்கம். கடைசி வீட்டு லியோனார்ட் மட்டும் வெகுநாளாகப் போகவில்லை. அவர் மனைவி கத்தரீன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அந்த வீட்டு முறை வந்தால் வேறு யாராவது போய்விட்டு வருவார்கள். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

குகன் பேசினான். லயத்துக் கூட்டத்தில், லியோனார்டை வைத்துக்கொண்டே.

"பாக்டீரியாவுக்கு இரும்பு வேணும்னா வெளிய ஒரு சாறு விடும். அது போயி இரும்பப் புடிச்சுக்கிட்டு வரும். யாரு விட்ட சாறுன்னு பாக்காம பக்கத்துல உள்ளதெல்லாம் சாப்பிடும். அதுல ஒருத்தன் சாறே விடாம சும்மா தின்னுக்கிட்டே இருப்பான். அவன விட்டா எல்லாரும் அவன மாதிரி ஆயிருவாங்க. கூட்டமே காலி."

"அப்ப மத்தது என்னதான் பண்ணும்?" என்றார் லோரி ஓட்டும் திருச்செல்வம்.

"சிலது விஷம் விடும் அங்கிள்."

"ஐயையோ! லியோனார்டுக்கு விஷமா?"

"பைப்பப் பூட்டுனா போதும்லா."

லியோனார்ட் எழுந்தார். "கத்தரீனத் தனியா விட்டுட்டு எப்படிப்பா மேல போறது?"

"கிருமி காரணமெல்லாம் கேக்காது அங்கிள்."

எல்லோரும் சிரித்தார்கள். வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. சிரித்ததே போதுமானதாக இருந்தது. திருச்செல்வம் லோரியிலிருந்து சங்கிலி கொண்டுவந்து கடைசி வீட்டுக்குப் போகும் வால்வைப் பூட்டினார். படித்தவன் என்று சாவியைக் குகனிடம் கொடுத்தார்கள்.

கீழே ஓடும் தண்ணீரில் காய்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்து கலந்திருக்கும். அதனால் லியோனார்ட் மேலேதான் போயாக வேண்டும். தினமும் காலையில் மனைவியைச் சுவரோரம் அணைவாகப் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு, கேன்களோடு ஏறினார். சல்லடை இருக்கும் குழியில்தான் கேன் முங்கும் ஆழம் உண்டு. இலையை அள்ளி, சேற்றைத் தள்ளினால்தான் நல்ல தண்ணீர் மொள்ளலாம். அள்ளினார், தள்ளினார்.

லயத்துக் குழாய்களில் அவ்வளவு தெளிவான தண்ணீர் அதற்கு முன் வந்ததே இல்லை. முறைக்காரர்கள் ஏறிப் பார்த்தார்கள். சல்லடை பளிச்சென்று இருந்தது. திரும்பி வந்தார்கள். பிறகு ஏறுவதையும் விட்டார்கள்.

"பாத்தீங்களா? தண்டன குடுத்தா வேல நடக்குது," என்றான் குகன். அதை ஆய்வேட்டின் முன்னுரையில் சேர்க்கலாமா என்றும் யோசித்தான்.

ஒரு சனிக்கிழமை அவன் அம்மா நவமணி, கொழுந்து கிள்ளிவிட்டு வந்த ஈரச் சட்டையோடு வாசலிலேயே நின்றாள். "கத்தரீன் கட்டில்லேருந்து விழுந்து கிடந்துச்சாம்டா. அவரு மேல போயிருந்த நேரம். எம்புட்டு நேரம் கிடந்துச்சோ. பூட்டத் தொறந்து வுடு."

"நான் ஒருத்தன் முடிவு பண்ண முடியாதும்மா. திருச்செல்வம் அங்கிளக் கேக்கணும்."

கேட்டான். திருச்செல்வம் பற்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "தொறக்கலாம். அப்புறம் யாரு தம்பி மேல ஏறுறது? நாளைக்கு ஒங்க வீட்டு முறதான?"

 அந்தக் கேள்வி இரண்டு வாரமாகவே குகனுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்தும் மழை விடவில்லை. நவமணி கத்தரீனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "மொதல்ல பூட்டத் தொற. அப்புறம் மேல போயிட்டு வா," என்று சொல்லிவிட்டுப் போனாள். குகன் பூட்ஸ் மாட்டிக்கொண்டான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தான். பாதை முழுக்கச் செஞ்சேறு வழிந்துகொண்டிருந்தது. அங்கேயே நின்றான்.

சற்று நேரத்தில் மேலேயிருந்து லியோனார்ட் இறங்கி வந்தார். முட்டிவரை சேறு. இரண்டு கையிலும் கேன். அவனைக் கடந்து போகும்போது நின்றார். அவன் பூட்ஸைப் பார்த்தார்.

"நீ போவ வேணாம் தம்பி. சுத்தம் பண்ணிட்டேன்."

"சரி அங்கிள்," என்றான் குகன்.

அவர் கடைசி வீட்டுக்குள் நுழையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். குளியலறைக் குழாயைத் திருகினான். தண்ணீர் நன்றாக வந்தது. வாளி நிறையும்வரை பொறுமையாக நின்றான்.