காரணங்கள் தங்கிய வீடு

பார்லர் அக்காவின் நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடிய ஐந்தும் ஒரு திங்கட்கிழமை காலை, பால் பாக்கெட் வருவதற்கு முன்பே, பெட்டியும் பையுமாக வந்து வீட்டு மணியை அடித்தன. கதவைத் திறந்தவர் அக்காவின் வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்ப்பவர், எந்த நேரத்தில் யார் வந்து நின்றாலும் முகம் சுளிக்காதவர். உள்ளே வரச் சொல்லிவிட்டு நாற்காலிகளைப் பார்த்தார். இரண்டு குறைந்தன, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வந்தார்.

நோய் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. நாள் முழுக்கக் கையைத் தூக்கிப் பிடித்து அடுத்தவர் தலையில் வேலை செய்கிற தொழில் அக்காவுக்கு. ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருத்திக்கு முடி உலர்த்திக்கொண்டிருக்கும்போது கை தானாகக் கீழே இறங்கியது. தூக்கினார், மறுபடி இறங்கியது. கண் இமை ஊதா நிறமானபோது, வந்தவர்கள் எந்தக் கம்பெனி ஐ-ஷேடோ என்று விசாரித்தார்கள். பிறகு ஸ்டூலிலிருந்து எழ முடியவில்லை. பிறகு படி ஏற முடியவில்லை. பிறகு தண்ணீர்கூடத் தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. ஒரு டாக்டர் வயசு என்றார், இன்னொருவர் மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து பட்டாணி அளவு சதையை வெட்டி எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பின் காவலே உடம்பின் தசையைத் தின்கிறது, லட்சத்தில் ஒருவருக்குத்தான் வரும் என்றார்கள். அந்த ஒருவர் ஏன் நான் என்று அக்கா கேட்டார். "கையை வச்சு இதுதான்னு சொல்ல முடியாதும்மா. வெயிலா இருக்கலாம், நீங்க கலக்குற தலைச் சாயமா இருக்கலாம், கொழுப்புக்குப் போட்ட மாத்திரை, பரம்பரை, முன்னாடி வந்துட்டுப் போன ஏதாவது காய்ச்சல், எதுவா வேணா இருக்கலாம்" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் இவை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கும் போல. முகவரியும் அங்கேயே கிடைத்திருக்கும்.

வெயில் பெருத்த ஆள், அதன் பக்கத்தில் யாராலும் உட்கார முடியாது. சாயத்துக்கு விரலெல்லாம் கறை. மாத்திரை வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தது. பரம்பரைக்கு அச்சு அசல் அக்காவின் அப்பா வழி மூக்கு. காய்ச்சல் மட்டும் சின்னப் பெண்ணாக, சிவந்த கண்ணோடு, பள்ளிக்கூடச் சீருடையில் கதவோரம் நின்றது. அக்கா அவற்றை நேராகவே கேட்டார். "யாராவது ஒருத்தர் ஒத்துக்கங்க. நான் திட்டக்கூட மாட்டேன். தெரிஞ்சாப் போதும்." ஐந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "ஒத்துக்கலாந்தாங்க," என்றது மாத்திரை, "ஆனா எங்களுக்கே தெரிஞ்சாத்தானே." அன்று அக்கா அழுத அழுகையை அந்தத் தெருவில் பலர் கேட்டார்கள். நோயைத் தாங்கிக்கொள்ளலாம், யார் செய்தது என்று தெரியாமல் தாங்குவதுதான் ஆளைக் கொல்கிறது.

வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். லிஃப்ட் நின்றுபோனால், சந்தேகமான பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார், எதைக் கழற்றினால் ஓடுகிறதோ அதுதான் குற்றவாளி. முதலில் வெயிலைக் கழற்றினார். ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்டார். பகலிலும் விளக்கெரிய வீடு குகையாகக் கிடந்தது, அக்காவின் கை ஒரு விரற்கடைகூட உயரவில்லை. சாயத்தை அனுப்பக் கடையையே மூட வேண்டியதாயிற்று. சுழல் நாற்காலியை ஏற்றிக்கொண்டு வண்டி போனபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொழுப்பு மாத்திரையை டாக்டரே நிறுத்தச் சொன்னார். பரம்பரையை விசாரிக்க அக்கா தன் அண்ணனுக்குப் போன் செய்து, நம்ம வீட்டுல யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். "என் பிள்ளைங்களுக்கும் சேர்த்தா சாபம் விடுறே?" என்று அண்ணன் போனை வைத்தவர்தான், அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. அனுப்பப்பட்டவை வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்துவிட்டு, வாரக் கடைசியில் உள்ளே வந்து பழைய நாற்காலிகளிலேயே உட்கார்ந்தன. புது மருந்துகளில் அக்காவின் முகம் வீங்கி வட்டமாயிற்று. கூடப் படித்த தோழி எதிரில் வந்து, யாரோ என்று நினைத்து விலகிப் போனாள்.

மிச்சமிருந்தது காய்ச்சல். அது பெரும்பாலும் மகளின் மேசைக்கு அடியில்தான் இருந்தது. மகளுக்குப் பத்து வயது. அக்காவின் கை இறங்குவதற்கு முந்தைய மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலோடு வந்தவள் அவள்தான், ராத்திரியெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு கிடந்து, அதைத் தானும் வாங்கிக்கொண்டவர் அக்கா. இப்போது மருந்து உடம்பின் காவலைக் கட்டிப்போட்டிருப்பதால் சாதாரண சளியே ஆளைச் சாய்த்துவிடலாம் என்று டாக்டர் வேறு எச்சரித்திருந்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வரை காய்ச்சலும் இந்த வீட்டை விட்டுப் போகாது என்று வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். மகளை வெளியூரில் தன் தமக்கை வீட்டில் விட்டுப் படிக்க வைப்பதென்று முடிவாயிற்று. மகள் அழவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தன் துணிகளைத் தானே மடித்துப் பையில் வைத்தாள். பக்கத்தில் காய்ச்சலும் தன் பையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"நான் போயிட்டா அம்மா எந்திரிச்சிருவாங்களாப்பா?" என்று மட்டும் மகள் கேட்டாள். வீட்டுக்காரர் செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். ஹாலில் நாற்காலியில் கிடந்த அக்காவின் காதில் அது விழுந்தது. பிள்ளை இத்தனை நாளும் தன் பக்கத்தில் வராமல் சுவரோரமாகவே நடந்தது ஏன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அக்கா ஒரே மூச்சில் எழுந்து ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். எழவில்லை. நாற்காலிக் கையை அழுத்திப் பார்த்தார், பாதி எழுந்து தொப்பென்று விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே பேசினார்.

"ஏங்க, அவளையும் கழட்டிட்டா அப்புறம் இந்த வீடு எதுக்குங்க ஓடணும்? எனக்குக் காரணமே வேண்டாம். தெரியாமலே போகட்டும். பையை உள்ள வைக்கச் சொல்லுங்க."

கண்ணீரைத் துடைக்க அவர் கை மேலே போகவில்லை. வீட்டுக்காரர் செருப்பை விட்டு நிமிர்வதற்குள் பரம்பரை எழுந்து வந்து துடைத்துவிட்டது. பை உள்ளே போயிற்று. இரண்டு பையும்தான்.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. நோய் சில மாதம் இறங்கும், சில மாதம் ஏறும். ஸ்பூன் வாய்க்கு எட்டுகிற நாளும் உண்டு, எட்டாத நாளும் உண்டு. அக்காவுக்குப் பயம் விடவில்லை, ஒவ்வொரு விடியலிலும் இன்றைக்கு எது போயிருக்கும் என்று படுத்தபடியே விரல், மணிக்கட்டு, முழங்கை என்று சோதித்துப் பார்ப்பார். அண்டை வீட்டார் முதலில் அந்த ஐந்தையும் எட்டிப் பார்த்தார்கள், பிறகு தண்ணீர் வரும் நேரத்தை அவற்றிடமே கேட்டுப் போக ஆரம்பித்தார்கள். காய்ச்சலுக்கு மட்டும் கட்டுப்பாடு அதிகம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு செருப்பு அலமாரிப் பக்கமே இருக்க வேண்டும், அக்காவின் அறைக்குள் வரக் கூடாது.

மகளுக்குப் பதிமூன்று வயதான வருடம், வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு, அக்கா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து விழுந்தார். மகள் ஓடினாள். தூக்க முடியவில்லை. வெயில் இடுப்பைப் பிடித்தது, சாயமும் மாத்திரையும் ஆளுக்கொரு காலைப் பிடித்தன, பரம்பரை தலையைத் தாங்கியது, மகள் இடது தோளுக்குக் கை கொடுத்தாள். அப்படியும் சுவர்ப் பக்கத் தோள் தொங்கியது. அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார். மகள் திரும்பி, கதவருகில் நின்ற காய்ச்சலைப் பார்த்தாள். அது மட்டும் வளரவேயில்லை, இன்னும் பத்து வயதுச் சீருடையில்தான் இருந்தது.

"நீதானா?" என்றாள்.

"தெரியலை," என்றது காய்ச்சல்.

மகள் அதன் கையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சரி. கையக் கழுவிட்டு வா. அந்தத் தோளைப் பிடிக்க ஆளில்ல."

காய்ச்சல் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பிடித்தது.