ஒன்றாம் எண் மழைக்கு

எங்கள் துறைத்தலைவர் கலியமூர்த்திக்கு மழையைவிட வரவேற்புரை முக்கியம். இதை அவர் வாயால் சொன்னதில்லை; செய்து காட்டினார்.

என்னோடு படிக்கும் கிருபாவின் அம்மா சூர்யகலா, மரக்காணம் உப்பளத்தில் குத்தகைக்குப் பாத்தி எடுத்திருக்கிறார். வாரி எடுத்த உப்பு வரப்பில் குவியலாகத் திறந்து கிடக்கும். தார்ப்பாய் போடுவதற்குள் மழை வந்தால் ஒரு பருவத்து உழைப்பு கரைந்துவிடும். அதற்காக நானும் கிருபாவும் ஒரு கருவி செய்தோம். உப்பளத்தின் மேற்குக் கோடியில் மழை சென்சார். அதில் துளி பட்டதும் ஆர்டுயினோ போர்டு, சீரியல் வயர் வழியாக எம்பி3 போர்டுக்கு ‘ஒன்றாம் எண்ணைப் போடு’ என்று உத்தரவு அனுப்பும். குவியல் பக்கத்து ஸ்பீக்கரில் சூர்யகலாவின் குரல் அலறும்: “மழ வருது, மூடுங்க!”

அந்த எம்பி3 போர்டு ஃபைலின் பெயரைப் பார்க்காது. மெமரி கார்டில் முதலில் ஏறியது எதுவோ, அதுதான் ஒன்று. கருவியின் தொடக்க விழாவுக்கு முந்தைய நாள் சார் கார்டை வாங்கிக்கொண்டு போனார். “வைரஸ் இருக்கான்னு பாக்கணும்” என்றார்.

விழாவன்று சால்வையோடு வரப்பில் நின்றார். மேற்கே கறுத்து, சென்சாரில் முதல் துளி விழுந்தது. ஸ்பீக்கர் பேசியது, சாரின் குரலில்.

“பேரன்புமிக்க பெருமக்களே, வருக வருக!”

சார் கைகூப்பினார். உப்பளத்து ஆட்கள் கைதட்டினார்கள்.

“கார்டுல என்னா சார் பண்ணீங்க?” கிருபா கத்தினாள்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டு என் ஸ்பீச்ச மொதல்ல ஏத்துனேன். அப்புறம் உங்க மழைய. வரவேற்புரைதானம்மா மொதல்ல வரணும்? முடியட்டும், இரு.”

“அத உப்புகிட்ட சொல்லுங்க! டேய் ஷஃபி, வயர புடுங்குடா!”

பிடுங்கினேன். “மூடுங்க!” என்று அலறிக்கொண்டே அவள் ஓடினாள். ஆட்களும் ஓடினார்கள். மழை எல்லோருக்கும் முன்னால் ஓடியது.

காற்றில் தார்ப்பாயின் ஒரு மூலை எகிறியது. மறுமூலையில் தொங்கிக்கொண்டிருந்த சூர்யகலா திரும்பிப் பார்த்தார். சார் குடைக்குள் நின்று, போட்டோ எடுத்தாச்சா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

“யோவ், இங்க வா! அந்த மூலைய புடி.”

“நான் ஹெச்ஓடிம்மா.”

“இருந்துட்டுப் போ. புடி. உட்டேன்னா உன்னயே குவியல் மேல படுக்க வெச்சிருவேன்.”

குடையைப் போட்டுவிட்டுப் பிடித்தார். உப்பு அவர் ஷூவைச் சுற்றி வெள்ளையாக வாய்க்காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

மழை விட்டபோது பாதிக் குவியல்தான் இருந்தது. கையை எடுக்கலாமா என்று சார் பார்வையால் கேட்டார். சூர்யகலா அவர் பக்கம் திரும்பவே இல்லை.