மல்லாந்து கிடந்த வண்டுகள்

இதை எனக்குச் சொன்னவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அக்காவின் ஆய்வுக்கூடத்துக்குத் தம்பி அன்று மழையில் நனைந்து வந்தானா, வியர்வையிலா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. ஈரச் சட்டையோடு வந்தான். அதில் மட்டும் பேச்சு மாறவில்லை.

அக்காவுக்குப் பூச்சி ஆய்வுக்கூடத்தில் வேலை. தைல மர இலையிலிருந்து இறக்கிய எண்ணெய் பயறு வண்டைக் கொல்லுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி விதைப் பயறு வியாபாரி. வீட்டுக்குக் கீழேயே கிடங்கு. அங்கே வண்டுக்கு வைக்கும் விஷ மாத்திரையின் வாடை மாடிக்கு ஏறி, அவன் மகளுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். இனி மாத்திரையே வைப்பதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். விதைப்புக் காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடித் தட்டில், எண்ணெய் தடவிய தாளின்மேல், வண்டுகள் கால்களை மடக்கி மல்லாந்து கிடந்தன.

"அடேங்கப்பா, ஒண்ணுகூட மிச்சமில்ல! இன்னும் எதுக்குக்கா உத்து உத்துப் பாக்குற? எழுப்பிக் காப்பி குடுக்கப் போறியா?"

"காலையில பாத்துட்டுச் சொல்றேன்டா. மயங்கினாலும் இதுங்க இப்படித்தான் கிடக்கும்."

"வண்டு காலை வரைக்கும் காத்திருக்குமா? நீதான் எதுக்கும் காத்திருப்ப. கட்டிக்கிறேன்னு வந்த மனுஷன்கிட்டயும் யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்ன. அவருக்கு இப்ப ரெண்டு புள்ள."

அலமாரியிலிருந்த பெரிய எண்ணெய்ப் புட்டியை அவனே எடுத்துக்கொண்டான். வாசலில் நின்று, "கோவமாக்கா? சும்மா சொன்னேன்" என்றான். அவள் தட்டை மூடி வைத்தாள்.

மறுநாள் காலையில் தட்டைத் திறந்தபோது ஒரு கால் அசைந்தது. பிறகு ஒரு வண்டு புரண்டு எழுந்தது. மதியத்துக்குள் பாதிக்கு மேல் விளிம்பைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்தன. எண்ணெய் அவற்றைக் கொல்லவில்லை, அடித்துப் போட்டாற்போலத் தூங்க வைத்திருந்தது, அவ்வளவுதான்.

தம்பியிடம் சொல்லப் போனை எடுத்தாள். அவன் சொன்ன சொல் இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது. யோசிக்கிறவள்தானே நான், இன்னும் கொஞ்சம் யோசிக்கிறேன் என்று போனைக் கீழே வைத்தாள். மாலையில் பேசலாம் என்றிருந்தாள். மாலை வந்ததும் நாளைக்கு என்றாயிற்று. அப்புறம், இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததே வெட்கமாகி வாயைக் கட்டிவிட்டது.

அவனோ, டிரம்களில் இருந்த விதைப் பயறில் அந்த எண்ணெயைத் தெளித்து, ஆவி வெளியே போய்விடக் கூடாதென்று அவற்றின் வாயை இறுக்கி ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்தான். விதை வாங்க ஆட்கள் வந்தபோதுதான் திறந்தான். உள்ளே ஓட்டைப் பயறும் மாவும் கிடந்தன. மாவுக்குள் வண்டுகள் நெளிந்தன.

அன்றைக்கே ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். சத்தம் போடவில்லை.

"உனக்கு எப்பக்கா தெரியும்?"

"மறுநாளே."



"நான் சொன்னது தப்புதான். அதுக்காக என் விதையை மொத்தமா தின்ன விட்டுட்டியேக்கா."

மன்னிச்சுக்கடா என்று ஒரு வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. அது வெளியே வருவதற்குள் அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

அந்த நஷ்டத்தில் தம்பி வீட்டையும் கிடங்கையும் விற்றுவிட்டு, வேறொருவர் கடையில் மூட்டை எடை போடுகிறான். புது வீட்டுக்கு வந்தபின் மகளுக்கு இழுப்பு நின்றுவிட்டது. அக்கா அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறாள். தைல எண்ணெய் வேலையை இப்போது வேறொரு பெண் பார்க்கிறாள். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.